ரூபவாஹினி பைப்பில் ஏற்றிய யாகி: எந்தப் பக்கம் திருப்பினாலும் மதுரை ஒரே மாதிரி கேட்குது

வளவு_வானலை · தேவகோட்டை · இழை தொடக்கம்

எல்லாருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் கைக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. மதுரையில ஒரு நண்பர் இருக்காக. உயரமான மாடி, 50 வாட் செட். என்கிட்ட 25 வாட் மொபைல் செட். இதுவரைக்கும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கிற கால் அலை கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா வச்சிருந்தேன், அவுக குரல் இரைச்சலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். எனக்கும் அவுகளுக்கும் நேர்கோட்டுல 75 கிலோமீட்டருக்கு மேல. அதனால 145 மெகாஹெர்ட்ஸுக்கு மூணு எலிமென்ட் (கம்பி) யாகி கட்டினேன், அலையை ஒரு பக்கமாத் தள்ற ஆன்டெனா. முக்கால் இன்ச் பிவிசி பைப், ஒரு இன்ச் அகல ஸ்டீல் மெஷரிங் டேப், ஹோஸ் கிளாம்ப். பலரும் கட்டுற அதே டிசைன்தான்.

ரிஃப்ளெக்டர் (பின் கம்பி) 106 செ.மீ. டிரிவன் எலிமென்ட் (கேபிள் சேர்ற நடுக் கம்பி) பாதிக்கு 45.6, நடுவுல 2.5 இடைவெளி. டைரக்டர் (முன் கம்பி) 90. ரிஃப்ளெக்டருக்கும் டிரிவனுக்கும் 20.5, டிரிவனுக்கும் டைரக்டருக்கும் 32. வளவு முற்றத்துல வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடிச்சு நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்கிற சின்னக் கருவி) போட்டேன். 145-ல எஸ்டபிள்யூஆர் (அலை எவ்வளவு திரும்பி வருதுங்கற அளவு, 1-னா எதுவும் திரும்பலை) 1.2. சந்தோஷம் தாங்கலை.

எங்க வீட்டு மொட்டை மாடியில ஐயா காலத்து ஜிஐ பைப் ஒண்ணு நிக்குது, இருபது அடி. இலங்கை டிவி ரூபவாஹினி பார்க்கறதுக்காக 80-கள்ல நட்டது. மேல இருந்த டிவி ஆன்டெனா எப்பவோ உதிர்ந்து போச்சு, பைப் அசையாம இருக்கு. வீடு பதினோரு பங்காளிக்குப் பொது. புதுசா சுவத்துல ஒரு துளை போடணும்னாக்கூட எல்லாரையும் கேக்கணும், ஆளுக்கு ஒரு ஊர்ல இருக்காக. ஏற்கனவே நிக்கிற பைப்புன்னா யாரையும் கேக்க வேண்டியதில்லை. பழைய ஆன்டெனாவை எப்படி மாட்டியிருந்தாகளோ அப்படியே பூம் (கம்பிகளைத் தாங்குற தண்டு) நடுவுல யூ-போல்ட் போட்டு ஏத்தினேன். எஃப்எம்முக்குச் செங்குத்துன்னு படிச்சதால எலிமென்ட்டை நிமிர்த்தி வச்சேன்.

முகப்பு ரூம் வரைக்கும் ஆர்ஜி-58 கேபிள், 28 மீட்டர். செட் பக்கத்துல எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.3 காட்டுது. ஆனா யாகியை எந்தப் பக்கம் திருப்பினாலும் மதுரை ஒரே மாதிரிதான். மேற்கே பார்த்தாலும் கிழக்கே பார்த்தாலும் ஒரு பார்கூட மாறலை. பழைய கிரவுண்ட் பிளேனைவிட மோசம்னுகூடச் சொல்லலாம். எலிமென்ட்டை வெட்டிச் சரி பண்ணணுமா?

---

சிக்னல்_தேவை · திருச்சி

1.3-னா அருமையான ரிசல்ட் நண்பரே. ஆன்டெனா மேல குறை இல்லை. தூரம் அதிகம், நடுவுல ஏதாவது மறைக்கும். வேணும்னா டைரக்டரை ஒரு சென்டிமீட்டர் குறைச்சுப் பாருங்க, கெயின் (முன்பக்கம் கிடைக்கிற கூடுதல் பலம்) கூடும்.

---

கண்மாய்க்கரை · காரைக்குடி

தம்பி, ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட வேண்டாம். முதல்ல ஒரு சோதனை. மாடியில ஆன்டெனாவைக் கழட்டிட்டுக் கேபிள் முனையைச் சும்மா விட்டுருங்க. செட்டை வச்சு டிரான்ஸ்மிட் பண்ணாதீங்க, நானோவிஎன்ஏவைக் கீழ் முனையில மாட்டி 145-ல என்ன எஸ்டபிள்யூஆர்னு பாருங்க.

ஏன் கேக்கறேன்னா, ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில நூறு மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். உங்க 28 மீட்டருக்கு அஞ்சரை டெசிபலுக்கு மேல. நீங்க அனுப்புற 25 வாட்ல மேல போய்ச் சேர்றது ஏழு வாட்தான். அது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய வில்லங்கம், ஆன்டெனாவுல பட்டுத் திரும்பி வர்ற அலையையும் அதே கேபிள் இன்னொரு தடவை தின்னுடுது. கீழ உட்கார்ந்திருக்கிற மீட்டருக்குத் திரும்பி வர்றதே கண்ணுல படாது. மூணு எலிமென்ட் யாகி டைபோலுக்கு (ரெண்டு பாதி உள்ள ஒத்தைக் கம்பி ஆன்டெனா) மேல தர்ற கெயினே அஞ்சு டெசிபல் பக்கம். அத்தனையையும் கேபிள் விழுங்கியாச்சு.

இன்னொண்ணு, நானோவிஎன்ஏவை ஆன்டெனா முனையிலேயே வச்சும் அளந்து போடுங்க.

---

வளவு_வானலை

அளந்துட்டேன். கை நடுங்குது.

ஆன்டெனாவே இல்லாம, மேல் முனை வெறுமனே தொங்கிட்டு இருக்கும்போது கீழ 1.8 காட்டுது. ஒண்ணுமே இல்லாத கேபிளுக்கு! ஆன்டெனாவை மாட்டி, மாடியில ஒரு முழம் கேபிளோட நேரடியா அளந்தா 145-ல 2.8. முற்றத்துல 1.2 காட்டின அதே ஆன்டெனா.

---

சிக்னல்_தேவை

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கறேன். பத்து வருஷமா 35 மீட்டர் ஆர்ஜி-58 வச்சுத்தான் நானும் பேசிட்டு இருக்கேன், மீட்டர் 1.4-ஐத் தாண்டினதே இல்லை. இன்னைக்கு ராத்திரி நானும் மாடி ஏறப் போறேன்.

ஆனா கேபிள் நட்டம் வேற, திசை தெரியாம இருக்கறது வேற. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கறதுக்குக் கேபிள் காரணமா இருக்க முடியாதே?

---

பழைய_சாலிடர் · பள்ளத்தூர்

ரூபவாஹினி பைப்புன்னு படிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. 80-கள்ல இந்தப் பக்கம் நான் ஏத்தி இறக்கின டிவி ஆன்டெனாவுக்குக் கணக்கே இல்லை. 82-ல ரூபவாஹினி ஆரம்பிச்ச பிறகு கிழக்கும் தெற்குமா ஒரு முகம், பின்னாடி கொடைக்கானல் ஒளிபரப்புக்கு மேற்கே ஒரு முகம். ஒரே பைப்புல ரெண்டு ஆன்டெனா நிக்கிற வீடெல்லாம் இருந்துச்சு. எல்லாமே ஜிஐ பைப்பு, எல்லாமே பூம் நடுவுல கிளாம்ப். ஒண்ணுகூடக் கெட்டுப் போகலை.

ஏன் கெடலை? அந்த டிவி ஆன்டெனா எலிமென்ட் எல்லாம் படுக்கை வசம். பைப் நிமிர்ந்து நிக்குது. ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருந்தா எலிமென்ட்டோட அலை பைப்புல மின்னோட்டத்தைத் தூண்டாது. அந்த ஆன்டெனாவைப் பொறுத்தவரை பைப் இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான்.

நீங்க ஐயா காலத்து முறையை அப்படியே எடுத்துக்கிட்டு எலிமென்ட்டை மட்டும் நிமிர்த்திட்டீங்க. இப்போ என்ன ஆச்சு? ரிஃப்ளெக்டர், டிரிவன், டைரக்டர் மூணோட இருபது அடி இரும்பு ஒண்ணு நாலாவது எலிமென்ட்டா, அதுவும் டிரிவனுக்குப் பக்கத்துலயே, அதே வசத்துல நிக்குது. யாகிங்கறதே பக்கத்துப் பக்கத்துல நிக்கிற கம்பிகளோட நீளத்தையும் தூரத்தையும் வச்சு அலையை ஒரு பக்கமாத் தள்ற வித்தை. கணக்குல இல்லாத கம்பி ஒண்ணு நடுவுல புகுந்தா எந்தப் பக்கம் தள்றதுன்னு அதுக்கே தெரியாமப் போயிடும். எஸ்டபிள்யூஆர் 2.8 போனதும் அதனாலதான், மதுரை நாலு பக்கமும் ஒரே மாதிரி கேட்கறதும் அதனாலதான்.

ஆன்டெனா சரி. நிக்கிற இடந்தான் தப்பு.

---

வளவு_வானலை

ஐயா வச்ச மாதிரியே வைக்கணும்னு பிடிவாதமா அளந்து அதே இடத்துல கிளாம்ப் போட்டேன். இப்ப புரியுது. அப்போ யாகியைப் படுக்க வச்சுட்டா வேலை முடிஞ்சுதா?

---

கண்மாய்க்கரை

முடியாது. மதுரைக்காரர் ஆன்டெனா நிமிர்ந்து நிக்குது. நீங்க படுக்க வச்சா போலரைசேஷன் (அலை நிக்கிற வசம்) குறுக்காப் போயிடும். நேர்ப்பார்வையில 20 டெசிபல் வரைக்கும் போகும். எஸ்எஸ்பி (எஃப்எம் இல்லாத இன்னொரு பேச்சு முறை) ஆளுக படுக்கை வசத்துலதான் பேசறாக, அங்கே போகும்போது படுக்க வச்சுக்கலாம். எஃப்எம்முக்கு நிமிர்ந்துதான் இருக்கணும்.

வழி ரெண்டு. ஒண்ணு, பூமைப் பின்பக்கம் நீட்டி, ரிஃப்ளெக்டருக்குப் பின்னாடி அரை மீட்டராவது தள்ளி, வால் முனையில பைப்பைப் பிடிக்கறது. பைப் ரிஃப்ளெக்டரோட முதுகுப் பக்கம் போயிடறதால பாதிப்பு ரொம்பக் குறையும். ஆனா பிவிசி பூம் முன்பாரம் தாங்காது, நம்ம வெயிலுக்கு ரெண்டு கோடையில தொய்ஞ்சுடும். ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. பைப்போட தலையில ஒரு பத்தடி மூங்கிலைக் கட்டி, அதுல ஆறடிக்குக் குறையாம இரும்புக்கு மேல நிக்கவிட்டு, மூங்கில் உச்சியில யாகியை மாட்டுங்க. பச்சை மூங்கில் வேண்டாம், ஈரம் இருந்தா அதுவும் கொஞ்சம் உறிஞ்சும். நல்லாக் காய்ஞ்சதுக்கு ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சுக்கோங்க. சவுக்குக் கம்பும் சரிதான், எடை கூட.

இதுல பலரும் தப்பு விடற இடம் கேபிள். இரும்பை விலக்கிட்டு, டிரிவன்ல இருந்து கேபிளை நேரா மூங்கிலோட கீழ இறக்கினா, கேபிளோட உலோக வலை உறை அதே வேலையைச் செய்யும். அதுவும் செங்குத்துல தொங்குற உலோகந்தானே. டிரிவன்ல இருந்து பூமோட ஒட்டியே பின்னாடி கொண்டு போய், ரிஃப்ளெக்டரைத் தாண்டின பிறகு சாய்வா இறக்குங்க. டிரிவனுக்குப் பக்கத்துல கேபிளை அஞ்சாறு சுத்து நெருக்கமாச் சுத்திக் கட்டிருங்க. கேபிளைக் கையால பிடிச்சா எஸ்டபிள்யூஆர் மாறுதுன்னா அந்தச் சுத்து போதலைன்னு அர்த்தம்.

---

பழைய_சாலிடர்

மூங்கில் நல்ல யோசனை. கார்த்திகை வரைக்கும் இடி இருக்கு, அதை மறக்க வேண்டாம். ஜிஐ பைப்புக்கு எர்த் இருக்கான்னு பாருங்க, பழைய டிவி பைப்புகள்ல பெரும்பாலும் கிடையாது. வானம் கறுத்தா செட்ல இருந்து கேபிளைக் கழட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டுருங்க. நேரடி இடிக்கு எந்த எர்த்தும் ஈடு கிடையாது.

யாகின்னு பேர் வந்ததைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1926-ல ஜப்பான் தொஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்துல ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் உருவாக்கினது. உழைப்புல பெரும்பங்கு உடாவோடது. 1928-ல யாகி இங்கிலீஷ்ல கட்டுரை எழுதினதால வெளியே அவர் பேர் நின்னுபோச்சு. ஜப்பான்லயே அதை யாரும் பெருசா எடுத்துக்கலை. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்த பிறகு, பிடிபட்ட பிரிட்டிஷ் ராடார் ஆள் ஒருத்தரோட குறிப்பு நோட்டுல யாகிங்கற சொல் திரும்பத் திரும்ப வந்திருக்கு. ஜப்பான்காரங்களுக்கு அது என்னன்னே தெரியலை, விசாரிச்சப்போ அவர் சொல்லியிருக்கார், இது உங்க நாட்டுப் பேராசிரியர் பேர்னு. எங்க ஐயா அந்த நேரம் சிங்கப்பூர் மார்க்கெட் தெரு கிட்டங்கியில இருந்தவுக. ஜப்பான் ஆட்சியில இருந்த அந்த மூணரை வருஷத்தைப் பத்தி அதிகம் பேச மாட்டாக. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவுக ஞாபகம் வரும்.

---

புது_அலை · கோட்டையூர்

காலேஜ் முதல் வருஷம் படிக்கிறேன். இதையெல்லாம் படிச்சு ஆசையா இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஒரு ஹேண்டி (கைச் செட்) வாங்கி டெஸ்ட் பண்ணலாமா அண்ணே? ஹேர்பின்னு சிலர் சொல்றாங்களே, அது என்ன?

---

கண்மாய்க்கரை

லைசென்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட் பட்டனைத் தொடவே கூடாதும்மா. பரீட்சை எழுதிருங்க, ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, பன்னெண்டு வயசு ஆனவங்களே எழுதலாம். ஒரு மாசம் படிச்சாப் போதும்.

ஹேர்பின்னைப் பத்தி நல்லாவே எழுதணும், ஏன்னா டியூனிங்ல பாதி அங்கேதான் இருக்கு. தனியா நிக்கிற டைபோலோட இம்பீடன்ஸ் (அலைக்குக் காட்டற எதிர்ப்பு) எழுபது ஓம் பக்கம். ரிஃப்ளெக்டரும் டைரக்டரும் பக்கத்துல வந்து நின்ன உடனே அது இருபது, இருபத்தஞ்சு ஓமுக்கு இறங்கிடும். நம்ம கேபிள் 50 ஓம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஹேர்பின். டிரிவன் எலிமென்ட்டைத் தேவைக்குக் கொஞ்சம் குட்டையா வெட்டறோம், அது கெபாசிட்டர் மாதிரி நடந்துக்கும். ரெண்டு பாதிக்கும் குறுக்கே 12, 13 செ.மீ. கம்பியை யூ வடிவத்துல வளைச்சுப் பற்றவச்சா அது காயில். ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கிட்டு, மிச்சம் 50 ஓம் பக்கம் வந்து நிக்கும்.

மெஷரிங் டேப்போட மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளி தெரியறவரைக்கும் தேய்க்கணும். ஃபிளக்ஸ் தடவி, முதல்ல டேப்புக்குத் தனியா ஈயம் பூசி, பிறகுதான் கேபிள் ஒயரை ஒட்டணும். இதுல அவசரப்பட்டவன் எல்லாம் மழைக்காலத்துல மறுபடி மாடி ஏறினவன்தான், நானும் ஏறியிருக்கேன்.

இப்போ டியூனிங். முக்கியமான சங்கதி ஒண்ணு. எஸ்டபிள்யூஆர் சரியில்லைன்னா தொட வேண்டியது டிரிவனையும் ஹேர்பின்னையும் மட்டும். ரிஃப்ளெக்டரும் டைரக்டரும் திசைக்கு. எஸ்டபிள்யூஆருக்காக டைரக்டரை வெட்டற ஆளுகளை நிறையப் பார்த்தாச்சு. மீட்டர் 1.1 காட்டும், ஆன்டெனா திசை இழந்திருக்கும். அலையை வெளியே விடாத டம்மி லோடுகூட (சோதனை ரெசிஸ்டர்) 1.0 காட்டும், அதை வச்சு மதுரைக்குப் பேச முடியுமா?

நானோவிஎன்ஏவை முதல்ல ஓபன், ஷார்ட், லோடுங்கற மூணு சோதனை முனையும் வச்சு, பயன்படுத்தப் போற அதே கேபிள் துண்டோட முனையில கேலிபரேட் பண்ணிக்கோங்க. 140-ல இருந்து 150 வரைக்கும் ஓட விடுங்க. எஸ்டபிள்யூஆர் கோட்டோட பள்ளம் 145-க்குக் கீழே விழுந்தா டிரிவன் நீளம் அதிகம். பக்கத்துக்கு மூணு மில்லிமீட்டர் வெட்டினா பள்ளம் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவா மேலே நகரும். ரெண்டு பக்கமும் சமமா வெட்டணும். பள்ளம் சரியான இடத்துல இருக்கு, ஆனா ஆழம் போதலைன்னா அப்போ ஹேர்பின்னை அகட்டியோ ஒடுக்கியோ பாருங்க. வெட்டின டேப்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால முதல்லயே பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலா வச்சு ஆரம்பிங்க.

---

சிக்னல்_தேவை

நேத்து ராத்திரி மாடி ஏறினேன். எனது கொலினியர் (நிமிர்ந்த கம்பு) ஆன்டெனாவுல நேரடியா 3.6. கீழே 1.3. பிஎல்-259 கனெக்டருக்குள்ள தண்ணி. பத்து வருஷம்! இன்னைக்கே நட்டம் குறைஞ்ச ஆர்ஜி-213 கேபிள் வாங்கப் போறேன். இந்த இழைக்கு நன்றி.

அளக்கறது சரி, திசை இருக்கான்னு வீட்டுல வச்சு எப்படித் தெரிஞ்சுக்கறது? மதுரை சிக்னல் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்குமே.

---

கண்மாய்க்கரை

தூரத்து ஸ்டேஷனை வச்சு அளக்கக் கூடாது, வளிமண்டலம் அதைத் தூக்கித் தூக்கிப் போடும். லைசென்ஸ் உள்ள இன்னொரு ஆள் வேணும். அவர் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, நடுவுல கட்டடம் மறைக்காத கண்மாய்க் கரையிலயோ பொட்டல்லயோ ஹேண்டியைக் குறைஞ்ச பவர்ல, ஆன்டெனா நிமிர்ந்திருக்கிற மாதிரி அசையாமப் பிடிச்சிருக்கணும். யாரும் பேசாத அலைவரிசையாப் பார்த்து, கால்சைன் (லைசென்ஸ்ல தர்ற அடையாளப் பேர்) சொல்லிட்டு அனுப்பணும். இந்தப் பக்கம் செட்ல சிக்னல் பலம் காட்டற எஸ் மீட்டர் பார்களை நம்ப வேண்டாம். ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யுஎஸ்பி ரிசீவர்) கம்ப்யூட்டர்ல போட்டு, ஏஜிசியை (சிக்னலைத் தானாச் சமப்படுத்தற வசதி) அணைச்சுட்டு, திரையில தெரியற டெசிபலைக் குறிச்சுக்கோங்க. முப்பது டிகிரிக்கு ஒரு தடவை, பன்னெண்டு அளவு. கிராஃப் தாள்ல வட்டமா வரைஞ்சு பாருங்க. அந்தப் படத்தை ஒரு தடவை கையால வரைஞ்சவங்க பிறகு எஸ்டபிள்யூஆரை மட்டும் நம்ப மாட்டாங்க.

வீடுகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம பெரிய வீடுகள்ல உத்தரம், தூண்னு சீமையில இருந்து வந்த இரும்பு கிடக்கு. முகப்புக்குள்ள வச்சு அளந்தா எல்லாம் பொய். முற்றத்துல வானம் பார்த்து அளந்தது நல்ல முறை.

---

வளவு_வானலை

ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன். விவரமா எழுதறேன், யாருக்காவது உதவும்.

முதல் வேலையா முகப்புல இருந்த செட்டை மேல்மாடி ரூமுக்கு மாத்தினேன். ஆயா, "கீழ இருந்தாத்தான் நீ பேசறது காதுல விழும்"னு வருத்தப்பட்டாக. மாடிப்படி ஏற அவுகளால முடியாது, அது மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கேபிள் 28 மீட்டர்ல இருந்து 8 மீட்டர் ஆயிடுச்சு. அதே ஆர்ஜி-58, ஒரு ரூபாய் செலவில்லை. நட்டம் ஒன்றரை டெசிபல் பக்கம்.

மூங்கில் புதுவயல்ல இருந்து கொண்டாந்தேன். வார்னிஷ் காய ரெண்டு நாள். ஜிஐ பைப்போட ரெண்டு கிளாம்ப், மேல ஏழடி இரும்பில்லாம நிக்குது. சுவத்துல ஒரு துளைகூடப் போடலை.

மேல ஏத்திட்டு ஆன்டெனா முனையில அளந்தப்போ பள்ளம் 144.1-ல, எஸ்டபிள்யூஆர் 1.3. டிரிவனைப் பக்கத்துக்கு மூணு மில்லிமீட்டர் குறைச்சேன், 144.9-க்கு வந்துடுச்சு, 1.15. ஹேர்பின்னைத் தொடவே இல்லை. கேபிளைக் கையால பிடிச்சா முன்னே 1.3-ல இருந்து 1.6 போகும். ஆறு சுத்து போட்ட பிறகு அசையலை.

அப்புறம் திசை. ஒரு நண்பர் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கண்மாய்க் கரையில நின்னாக. முன்பக்கம் மைனஸ் 41, பின்பக்கம் மைனஸ் 58. 17 டெசிபல் வித்தியாசம். ஒரு ஒப்பீட்டுக்காக அதே யாகியைப் பழையபடி இரும்புல, பூம் நடுவுல கட்டி ஒரு தடவை அளந்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் 3 டெசிபல்தான். அதிகபட்ச சிக்னல் முன்பக்கம்கூட இல்லை, ஒரு ஓரமா அறுபது டிகிரி தள்ளி இருந்துச்சு. ரெண்டு வட்டப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரே ஆன்டெனான்னு யாரும் நம்ப மாட்டாக.

அன்னைக்கு ராத்திரி மதுரை. மேற்கே திருப்பினேன், அவுக குரல் பக்கத்து ரூம்ல பேசற மாதிரி. கிழக்கே திருப்பினா இரைச்சலுக்குள்ள போயிட்டாக. மறுபடி மேற்கே. இப்படி நாலஞ்சு தடவை திருப்பித் திருப்பி அவுகளைப் பேசச் சொன்னேன், பாவம், பொறுமையாப் பேசினாக.

ஒரு சந்தேகம். காலையில மயில் ரெண்டு வந்து பூம்ல உட்காருது. என்ன செய்யலாம்?

---

பழைய_சாலிடர்

மயிலுக்கு மெஷரிங் டேப்தான் மருந்து. அலுமினியக் குழாயா இருந்தா வளைஞ்சது வளைஞ்சதுதான். டேப் மயில் எந்திரிச்ச உடனே தானா நிமிர்ந்துக்கும். பூமுக்கு மட்டும் நடுவுல இருந்து ரெண்டு முனைக்கும் நைலான் கயிறு இழுத்துக் கட்டுங்க. உலோகக் கம்பி வேண்டாம். டேப்போட வெட்டின முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுத்திருங்க, மயிலுக்கும் உங்களுக்கும் கை கால் கிழியாது.

பிவிசிக்கு ஒரு கோட் பெயின்ட் அடிங்க, உலோகத்தூள் கலக்காததாப் பார்த்து. வெயில்ல நொறுங்கறது தள்ளிப் போகும்.

---

புது_அலை

பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுட்டேன் அண்ணே. அதுவரைக்கும் மெஷரிங் டேப் வாங்கி வெட்டாம வச்சிருக்கேன்.

---

வளவு_வானலை

நல்லதும்மா. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலா வச்சு வெட்டுங்க. தேவகோட்டைக்கு வந்தா நானோவிஎன்ஏ தர்றேன், முற்றத்துல வச்சே அளந்துக்கலாம், ஆயாவும் பார்ப்பாக.

நைலான் கயிறு இன்னைக்குக் கட்டியாச்சு. அடுத்து யாழ்ப்பாணம் பக்கம், கிழக்குல இருந்து கொஞ்சம் தெற்கே திருப்பி, விடியக்காலையில கேட்டுப் பார்க்கப் போறேன். கடல் மேல அலை சில நாள் ரொம்ப தூரம் போகும்னு சொல்றாக. ஐயா பைப்பை நட்டதும் அந்தத் திசையைப் பார்த்துத்தான். ஞாயிறு காலை அஞ்சரைக்கு உட்காருவேன். யாராவது கூட இருந்து கேக்கறதா இருந்தா சொல்லுங்க.

எல்லாருக்கும் 73 (ஹாம் பாஷையில வாழ்த்துகள்).